பென்சிலில் எழுதிய நர்ஸ்

1

இது கதையாகப் பிறக்கவில்லை, மனுவாகப் பிறந்தது. செக் நாட்டின் ஓஸ்த்ராவா நகரில், எங்கள் தேவாலயத்தின் பின்னறையில், ரோமா இனப் பெண்களுக்கு மனு எழுதித் தருகிறேன். பிரசவ வலியில் புரியாத தாளில் கையெழுத்து வாங்கப்பட்டு, கருத்தடை செய்யப்பட்டவர்கள். அரசு இப்போது இழப்பீடு தருகிறது, சான்று கேட்கிறது. அவர்களில் ஒருத்தி கிசெலா; அவளுடைய மருத்துவப் பதிவுகளை மருத்துவமனை எப்போதோ அழித்துவிட்டது. மிஞ்சியது அவள் வாக்குமூலம்; அதை எழுதுவது நான்.

2

முதல் தொடக்கம்: "வலி பொறுக்காத அந்தக் காலையில் கிசெலா..."

(அந்த வலி எனக்கு என்ன தெரியும்?)

அடுத்தது: "தாளை நீட்டியவருக்கு முகமே..."

(வேண்டாம்.)

மூன்றாவதில் ஒரு நர்ஸ் வந்தாள். கையெழுத்து முடிந்ததும் கிசெலாவின் கையைச் சற்றுநேரம் பற்றிக்கொள்கிறாள். கிசெலா அப்படி யாரைப் பற்றியும் சொன்னதில்லை. அந்த அறையில் ஒரு நல்ல கையாவது இருக்கட்டும் என்று நானே சேர்த்தேன். கடவுள் அங்கே எதன் வழியாகவாவது இருந்திருக்க வேண்டுமே.

3

கிசெலாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

"என்னை ஏன்க்கா ஒல்லியா எழுதியிருக்கே? அப்பவே நான் பீப்பா!"

சிரித்தோம். நர்ஸ் வரும் வரியை வாசித்ததும் அவள் சிரிப்பு நின்றது.

"அவ கை சூடா இருந்துச்சு."

"கிசெலா, அவளை நான்தான் கற்பனையா எழுதினேன்."

"நீ அங்க இருந்தியா? மோதிரம் போட்டிருந்தா. என் விரல்ல குத்துச்சு."

மோதிரத்தை நான் எழுதவில்லை.

"சத்தியமா?"

"செத்துப்போன எங்கம்மா மேல சத்தியம்."

(போன மாதம், அன்று பனி பெய்ததா என்று கேட்டேன். "ஞாபகமில்லாததுக்கு அம்மாவை இழுக்க மாட்டேன்" என்றவள் இவள். ரோமாக்கள் இறந்தவர்கள்மேல் விளையாட்டாகச் சத்தியம் செய்வதில்லை.)

4

நர்ஸ் பெயர் என்ன என்று அதிகாரி கேட்பார். அப்படி ஒருத்தி இருந்ததில்லை என்றால் மீதியையும் நம்பமாட்டார். அந்த வரியை எடுத்துவிடலாமா என்று கிசெலாவிடம் கேட்டேன்.

"எடுத்துட்டா அந்த ரூம்ல நான் மட்டும்தான்க்கா இருப்பேன்."

5

ஒரு முடிவு: வரியை எடுக்கிறேன், மனு ஏற்கப்படுகிறது, கிசெலா என்னோடு பேசுவதில்லை.

இன்னொன்று: வரி இருக்கிறது; மனு தள்ளப்படுகிறது; அவள்...

நான் அவளுக்குப் பொய்யைக் கொடுத்தேனா, அவள் மறந்ததைத் திருப்பிக் கொடுத்தேனா? ஜெபித்தும் பார்த்தேன். தெரியவில்லை.

நாளை காலை பத்து மணிக்கு மனு போக வேண்டும். மற்றதெல்லாம் மையில், அந்த ஒரு வரி மட்டும் பென்சிலில். ரப்பரை, இதைப் படிக்கிற உங்கள் பக்கம் நகர்த்தி வைக்கிறேன். அழிப்பதானால், அவள் விரலில் குத்திய மோதிரத்தையும் நீங்கள்தான் கழற்ற வேண்டும்.