மாமாவின் சுண்டுவிரல் நகம்

1

இந்தக் கதை ஒரு நகவெட்டியிலிருந்து பிறந்தது. அது இப்போது என் இடது கையில் இருக்கிறது. 'நான்' என்று எழுதப் பயமாக இருப்பதால் 'அக்கா' என்று ஒருத்தியை வைத்துக்கொள்கிறேன். அவளுக்கு ஒரு தம்பி.

சுரங்கத்தை ஒட்டிய அழகான தெருவில்— (அழகு பொய். அடித்துவிட்டேன்.)

தம்பியின் உள்ளங்கையில் மிளகு தூவியது போல்— (இது கடைசியில். இப்போது முடியாது.)

2

சுரங்கக் கழிவிலிருந்து மண்ணுக்கும் தண்ணீருக்கும், மண்ணிலிருந்து கீரைக்கும், கீரையிலிருந்து ஆட்களுக்கும் ஆர்சனிக் ஏறியிருக்கிறதா என்று பார்க்க, சுகாதார அலுவலகம் ஆளுக்கொரு உறை கொடுத்தது. நகத்தை வெட்டி அதில் போட வேண்டும். நஞ்சு நகத்தில் தங்குமாம்.

தெரு கூடிப் பேசியது. நஞ்சு இருக்கிறது என்று வந்தால் சுரங்கத்தை மூடிவிடுவார்கள். பிழைப்பில் மண் விழும். அந்த நேரம் பார்த்து அம்மாவின் அண்ணன், மாமா, வெளியூரிலிருந்து வந்து இறங்கினார். நல்ல தண்ணீர் குடித்து வளர்ந்த நகம். அதை வெட்டி ஆளாளுக்குத் தங்கள் உறையில் போட்டுக்கொண்டார்கள். இருபது விரலும் பக்கத்து வீடுகளுக்கே போதவில்லை.

மறுபடி வளரட்டும் என்று தெரு அவருடைய பையை ஒளித்துவைத்தது. அலுவலகத்தில் ஆள் இல்லாமல் உறைகளை வாங்கும் தவணை தள்ளித் தள்ளிப் போனது, அதுவும் வசதிதான். மாமாவுக்கு வேளா வேளைக்குக் கீரையும் பாலும் வந்தன. ஆனால் அவருக்கு நகம் கடிக்கும் பழக்கம் உண்டு. முறை வைத்துக் காவல் காத்தார்கள். யாராவது பார்த்தால் அவருக்குப் பதற்றம்; பதறினால் விரல் வாய்க்குப் போகும்.

"அண்ணே, கையை இறக்குங்க," என்றாள் எதிர்வீட்டுத் தையல்காரி. "அது என் மாமியாரோட நகம்."

(இப்படியும் ஒரு தெருவா என்று கேட்காதீர்கள். குறைத்துத்தான் எழுதியிருக்கிறேன்.)

3

முடிவு ஒன்று: அறிக்கை வருகிறது. கைக்குழந்தை உட்பட தெருவில் எல்லார் நகத்திலும் மாமாவின் புகையிலைக் கறை. (சிரிப்பு வருகிறது. தம்பிக்கு என்ன ஆயிற்று?)

முடிவு இரண்டு: மாமா சுவரேறிக் குதித்துத் தப்பி— (எங்கே? கூடத்தில் குறட்டை விடுகிறார்.)

4

அண்ணன் எங்கே போய்விடப் போகிறான் என்று அம்மா தன் வீட்டைக் கடைசிக்கு வைத்திருந்தாள். இப்போது தம்பியின் உறை மட்டும் பாக்கி. விடிந்தால் வாங்க வருவார்கள்.

"மாமாவோட சுண்டுவிரல்ல வெட்டிப் போட்டுரு," என்றாள். "பிள்ளையோடதைப் போட்டு, ஏதாவது வந்துச்சுன்னா..."

வாக்கியத்தை அவள் முடிக்கவில்லை. நானும் முடிக்கவில்லை.

தம்பியின் உள்ளங்கையில் மிளகு தூவியது போல் கறுப்புப் புள்ளிகள். தொட்டால் சொரசொரப்பு. அவன் நகத்தையே போட்டால்தான் மருத்துவர் அவனைக் கூப்பிடுவார். அது அக்காவுக்குத் தெரியும். அம்மா பேச்சைத் தட்டவும் பயம். அதனால் இரண்டையும் வெட்டினாள். தம்பியின் கட்டைவிரல், மாமாவின் சுண்டுவிரல், இரண்டும் ஒரே அளவு. காகிதத்தில் அருகருகே வைத்தாள்.

தம்பியின் நகத்தில் குறுக்கே ஒரு வெள்ளைக் கோடு, நஞ்சு ஏறினால் விழுவது. மாமாவின் நகத்திலும் அதே கோடு.

அந்த நகம் வளர்ந்தது எங்கள் தண்ணீரில், எங்கள் கீரையில். அதைத் தெருவில் ஒருவரும் யோசிக்கவில்லை.

தம்பி புரண்டு படுத்தான். காகிதம் சரிந்தது. எது யாருடையது?

5

(இனி 'நான்' என்றே எழுதுகிறேன்.)

எதைப் போட்டாலும் ஒரே பதில்தான். ஒன்றைப் போட்டு உறையை ஒட்டிவிட்டேன். பயம் அதில் இல்லை. காலையில் அம்மா பால் தம்ளரோடு மாமாவை எழுப்புவாள். அப்போது அவளிடம் ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும். மூன்று தரம் தொடங்கினேன்.

அம்மா, மாமாவுக்கும்—

அம்மா, நம்ம தண்ணி—

அம்மா—

நீங்கள் வந்து சொல்லுங்கள். கதவைத் தாழிடவில்லை. வந்தவர்களுக்கு அம்மா முதலில் தண்ணீர்தான் நீட்டுவாள். வாங்கிக்கொள்ளுங்கள், குடித்துவிடாதீர்கள்.