உம்மாவின் மீசை

“ஏளா, பிளேடு எங்க வச்சிருக்க?” என்று கமர் நிஷா மாமி கேட்டபோது, ஷஃபீகா உம்மாவின் வலது தோளில் தண்ணீர் ஊற்றிக்கொண்டிருந்தாள். மய்யித்தை, உயிர் போன உடம்பை, குளிப்பாட்டும்போது வலப்பக்கம்தான் முதலில். கற்பூரத் தண்ணீர் இன்னொரு வாளியில் காத்திருந்தது.

“எதுக்கு மாமி?”

மாமி உம்மாவின் மேலுதட்டைக் கண்ணால் காட்டினாள். கறுத்த முடி. நாடியிலும் ஏழெட்டு, சுருண்டு கிடந்தன.

“தெருவே முகம் பார்க்க வந்து நிக்கி. பாத்துட்டு, உசுரு போயி மவுத்தானத மறந்துருவாளுவ. மீசைதான் பேச்சா இருக்கும்.”

“இருந்துட்டுப் போவட்டும்.”

மாமி வாப்பாவின் கூடப்பிறந்தவள். வாப்பா போன நாளிலிருந்து இந்த வீட்டுக்குத் தானே பொறுப்பு என்று நினைப்பு. ஆனால் உம்மா ஊசி போட்டுக்கொண்ட ஏழு மாதத்தில் ஆஸ்பத்திரி வாசலை ஒருநாளும் மிதித்ததில்லை, மகராசி.

உம்மாவுக்குத் தசை கரையும் வியாதி. கை தோளுக்கு மேல் போகாது. பள்ளிவாசலில் பாங்கு சொன்னதும் முக்காட்டை ஷஃபீகாதான் வந்து இழுத்துவிட வேண்டும். அவள் வரும்வரை உம்மா வெறுந்தலையோடு சுவரைப் பார்த்து உட்கார்ந்திருப்பாள்.

பாளையங்கோட்டையில் டாக்டர் வேதநாயகம் எதையும் ஒளிக்கவில்லை. “ஜிம்முல உடம்பு ஏத்த திருட்டுத்தனமா போடுதாங்களே, அதே வகை ஸ்டீராய்டுதாம்மா. வியாதி குணமாவாது. கொஞ்ச நாளைக்குப் பலம் கூடலாம், கூடாமயும் போவலாம். மீசை வரும், குரல் தடிக்கும். ஈரலை அடிக்கடி சோதிக்கணும்.”

உம்மா ஒன்றுதான் கேட்டாள். “முக்காடு போட முடியுமா டாக்டர்?”

ஊசி தொடங்கி மூன்றாம் மாதம் தானே முக்காடு போட்டாள். வலது கை காதோடு நின்றுவிட்டது. இடது கை மட்டும் உச்சிவரை ஏறியது. அதனால் முக்காடு எப்போதும் இடப்பக்கம் சரிந்தே கிடக்கும். நேராக்கப் போனால் ஷஃபீகாவின் கையைத் தட்டிவிடுவாள். கண்ணாடியில் மீசையைப் பார்த்துத் தடித்த குரலில் சிரிப்பாள். “ஆம்பள இல்லாத வூடுன்னு இனி எவ சொல்லுவா?”

ஈரல் சோதனை சரியில்லை என்றதும் டாக்டர் ஊசியை நிறுத்தினார். கை மறுபடி இறங்கியது. இன்று காலை மூச்சிழுக்கும் தசையும் ஓய்ந்துவிட்டது.

“அந்த ஊசிதான் கொன்னுச்சு,” என்றாள் மாமி. “அப்பவே தலைபாடா அடிச்சிக்கிட்டேன். பொம்பளைக்கு இது தேவையான்னு.”

ஷஃபீகா செம்பைக் கீழே வைத்தாள். அழுகையை விட ஆத்திரம்தான் முந்திக்கொண்டு வந்தது.

“ஊசிய நிறுத்தி ஆறு மாசம் ஆச்சு மாமி. கொன்னது வியாதி. ஊசி போட்ட பொறவுதான் எங்க உம்மா தன் தலைய தானே மறைச்சா. மீசைய வழிச்சு விடட்டுமான்னு நானே கேட்டேன். ‘வேண்டாம்ளா, கை தூக்குனதுக்கு அது சாட்சி’ன்னு சொல்லிட்டா. உசுரோட இருக்கயில வேண்டாம்னத, வாய் இல்லாம கெடக்கயில செய்வியளோ?”

மாமி, குளிப்பாட்ட வந்திருந்த ஷமீம் லாத்தாவைப் பார்த்தாள். “நீயாச்சும் சொல்லேன்.”

“மவ சொல்லுததுதான் எனக்கு,” என்று ஷமீம் லாத்தா கற்பூரத் தண்ணீரை முன்னால் இழுத்தாள். “பைய ஊத்து, ஷஃபீகா.”

வெள்ளைக் கஃபன் துணி உடுத்தினார்கள். ஷமீம் லாத்தா முக்காட்டுத் துணியைப் போட்டு, இரு பக்கமும் ஒழுங்காக நீவிவிட்டாள். வெளியே பெண்களின் பேச்சு நெருங்கியது. மாமி சட்டெனக் குனிந்து வெள்ளைத் துணியை உம்மாவின் மூக்குவரை ஏற்றினாள்.

ஷஃபீகா அதை நாடிக்குக் கீழே மடித்துவிட்டாள். மாமி மறுபடி கை நீட்டவில்லை. முந்தானையை வாயில் வைத்துக்கொண்டாள்.

“தொறக்கட்டுமா?” என்றாள் ஷமீம் லாத்தா.

“ஒரு நிமிசம் லாத்தா.”

ஷஃபீகா குனிந்து, முக்காட்டை ஒரு விரல்கடை இடப்பக்கம் சரித்தாள். பிறகு தானே போய்க் கதவைத் திறந்தாள்.