அரிசி ஆலைச் சுவரில் ராசாத்தி

1979ஆம் ஆண்டு ஆவணி மாதம், வாடிப்பட்டி அரிசி ஆலையின் வெளிச்சுவரில் முத்துத்தாய் கரித்துண்டால் வரைந்த எருமை, மூன்றாம் நாள் சாயங்காலம் எழுந்து நடந்தது. அந்த வாரம் இரண்டு முறை மழை பெய்தது. மல்லிகைப்பூ விலையில் மாற்றம் இல்லை. முத்துத்தாய் அங்கே முதியோர் கல்வி வகுப்பு நடத்தி வந்தாள். வயலிலிருந்து திரும்புகிறவர்கள் பாடம் என்றதும் கொட்டாவி விட்டார்கள். தை பிறந்ததும் அதிகாரி வருவார், முப்பது பேர் தம் பெயரைத் தாமே எழுதிக் காட்டாவிட்டால் வகுப்பை மூடிவிடுவார் என்று உத்தரவு வந்திருந்தது. அதனால்தான் எருமைக்கு ராசாத்தி என்று பெயர் வைத்து, வாரம் ஒரு பாகமாகச் சிரிப்புப் படத்தொடர் வரையத் துணிந்தாள்.

முதல் பாகத்தில் எழுத்தை முன்னால் வைத்தாள், சிரிப்பைக் கடைசியில் வைத்தாள். ராசாத்தி சனத்துக்கு முதுகைக் காட்டிப் படுத்துக்கொண்டது. களையெடுக்கப் போகும் செல்லக்கிளிக்குப் பொறுக்கவில்லை. "என்ன டீச்சர், நாடகத்துல ராசா எடுத்த எடுப்புலயா வாராரு? பபூன் வந்து சிரிக்க வச்சாத்தான சனம் உக்காரும்?" என்றாள். அன்றே படத்தொடருக்கு ஓர் ஒழுங்கு பிறந்தது. ராசாத்தி முதலில் எதற்காவது ஆசைப்படும். பிறகு தப்பாகப் புரிந்துகொள்ளும். ஆபத்துக்கு ஒரு குளம்பு தூரத்தில் நிற்கும். அந்த இடத்தில் முத்துத்தாய் கரியைக் கீழே வைத்துவிடுவாள். எருமையைக் காப்பாற்ற வேண்டியது சனத்தின் பாடு, அதுவும் எழுத்தைப் படித்துத்தான். காளவாசலுக்குப் புறப்பட்ட ராசாத்தி வேறு பஸ்ஸில் காலை வைத்தபோது, பலகையை எழுத்துக்கூட்டி முடித்த இருபது குரல்கள், "எறங்குடி கூறுகெட்டவளே, அது அழகர்கோவில் பஸ்ஸு!" என்று கத்தின. எருமை இறங்கி வாலை ஆட்டியது. ஒரு பாகத்துக்கு மூன்று புது எழுத்துதான். நாலாவதை வைத்தால் ராசாத்தி தும்மிவிடும். ஐப்பசிக்குள் முப்பது பேர் சேர்ந்துவிட்டார்கள். ஆலை முதலாளி சுவரோரம் ஒரு தொட்டியில் தண்ணீர் வைக்கச் சொன்னார்.

இருபதாம் பாகத்தில் முத்துத்தாய் தவறினாள். மாடு மேய்க்கும் மொக்கையன் சிலேட்டைத் தலைகீழாகப் பிடித்திருந்ததைக் கண்டு, ராசாத்தியையும் அப்படியே பிடிக்க வைத்தாள். எல்லோரும் அவரைத் திரும்பிப் பார்த்துச் சிரித்தார்கள். எழுந்து போனவர் மறுவாரம் வரவில்லை. ராசாத்தியும் அசையவில்லை. அதிகாரி வர நாலு நாள் இருந்தது. முப்பதில் ஒன்று குறைகிறதே என்று பதறி மொக்கையன் வீட்டுக்குக் கிளம்பிய முத்துத்தாய், பாதி வழியில் அந்தப் பதற்றத்துக்கே வெட்கப்பட்டாள். ஒரு மனிதர் மனம் நோக வாங்கிய சிரிப்பைக் கடவுள் கணக்கில் சேர்ப்பாரா?

"அண்ணே, தப்பு எம்மேலதான்," என்றாள்.

மொக்கையன் மாட்டைக் கட்டிக்கொண்டே, "நானும் ஒரு எருமைன்னு படம் போட்டுட்டியே தாயி," என்றார்.

"அடுத்த பாகத்த நீங்க சொல்லுங்கண்ணே. அப்படியே வரையிறேன்."

அவர் முளைக்கயிற்றை இரண்டு தரம் இறுக்கிக் கட்டினார். "டீச்சரம்மா சேத்துல விழணும். எருமை தூக்கிவிடணும். அம்புட்டுத்தேன்."

அதிகாரி வந்த அன்று முத்துத்தாய் அதைத்தான் வரைந்தாள். 'சேறு' என்ற பலகையைப் படிக்காமல் வந்த, அவளைப்போலவே கண்ணாடி போட்ட டீச்சர் குப்புற விழுந்தாள். முப்பது பேரும் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். முத்துத்தாயின் சிரிப்புதான் எல்லாவற்றையும்விடப் பெரிதாகக் கேட்டது. ராசாத்தி எழுந்துவந்து கொம்பைக் கொடுத்துத் தூக்கிவிட்டது. எருமையின் பெயர் பதிவேட்டில் உண்டா என்று அதிகாரி கேட்டார். இல்லை என்றதும், சரி, பெயர்களை எழுதச் சொல்லுங்கள் என்றார்.

ஒவ்வொருவராகச் சுவரில் எழுதினார்கள். செல்லக்கிளி தன் பெயருக்குக் கீழே கோடும் போட்டாள். முப்பதாவதாக மொக்கையன் வந்தபோது சுவர் நிறைந்திருந்தது. ஒரு மூலையில் 'மொக்' வரை எழுதியவர், மேற்கொண்டு எழுத இடமில்லாமல் நின்றார். ராசாத்தி இரண்டடி நகர்ந்து நின்றது. அவர் மீதியையும் எழுதி முடித்தார்.