டீச்சரம்மாவின் பதில்

கடைசித் தையல் மெஷினையும் சுவரோரம் தள்ளிவிட்டு நிமிர்ந்தார் சவரி. விடுதியின் நடு ஹாலில் ஐஸ் பெட்டியைக் கொண்டுவந்து வைத்தார்கள். அதற்குள் அவர் மனைவி புஷ்பமேரி, பாடம் நடத்திக் களைத்துக் கண்ணயர்ந்தவள் மாதிரி படுத்திருந்தாள். நேற்று கடத்தூர் போய்த் திரும்பும்போது பஸ்ஸிலேயே நெஞ்சுவலி. ஆஸ்பத்திரி போய்ச் சேரவில்லை.

சவரிக்கு அழுகை வரவில்லை, பயம்தான் வந்தது. பயம் என்றால் அப்படியொரு பயம்.

பாப்பிரெட்டிப்பட்டியில் எரிந்துபோன மோட்டார்களுக்குக் காயில் கட்டும் கடை வைத்திருப்பவர் அவர். டிரஸ்ட்டும் விடுதியும் மனைவியின் பாடு. படிப்பை நிறுத்திய சித்தேரி மலைப் பெண்பிள்ளைகளைக் கூட்டிவந்து தங்கவைத்து, பத்தாவது எழுதவைத்து, தையலும் கம்ப்யூட்டரும் கற்றுக்கொடுத்து, ஒரு வேலையில் சேர்த்த பிறகுதான் ஓய்வாள். முதலில் வெளிநாட்டுக்காரர்கள் பணம் அனுப்பினார்கள். சட்டம் மாறியதும் அது நின்றது. பிறகு ஓசூர்க் கம்பெனி ஒன்று கைகொடுத்தது. கொடுத்த கையை எப்போது இழுத்துக்கொள்வார்களோ என்று சவரி முணுமுணுத்தால், "நீங்க காயில் கட்டுங்க, புள்ளைங்கள நான் பாத்துக்கறேன்" என்று வாயை அடைத்துவிடுவாள்.

கம்பெனியிலிருந்து அருண்குமார் வந்தார். மலர்வளையத்தைக் கம்பெனிப் பெயர் தெரிகிற மாதிரி திருப்பி வைத்து, போட்டோ எடுத்துக்கொண்டு, சவரியை ஓரமாகக் கூப்பிட்டார்.

"இந்த நேரத்துல சொல்லக் கூடாதுங்க சார். மேடத்த நம்பித்தான் ஃபண்டு குடுத்தாங்க. மேலிடத்துல முடிவெடுக்கற வரைக்கும் இனி வராது. புள்ளைங்கள ஊருக்கு அனுப்பிடுங்களேன்."

"அனுப்பிட்டா திரும்பி வருவாங்களாங்க?"

அருண்குமார் ஃபோனை எடுத்துப் பார்க்க ஆரம்பித்தார்.

பதில் சவரிக்கே தெரியும். போன வருஷம் ஒரு பெண் திருவிழாவுக்கென்று லீவு கேட்டுப் போனாள். திருவிழாதானே என்று புஷ்பமேரியே சம்மதித்து அனுப்பினாள். பிறகு அவளைக் கைக்குழந்தையோடு பஸ் ஸ்டாண்டில்தான் பார்த்தார்கள். அந்தப் பெண் தலை நிமிரவில்லை. புஷ்பமேரி அன்றைக்குச் சாப்பிடவில்லை.

மலையிலிருந்து ஜீப்புகள் வந்தன. மாலை போட்டுக் கும்பிட்ட கையோடு, ஒவ்வொரு தகப்பனும் மகளின் பை எங்கே என்று தேடினார். சாவு விழுந்த இடத்தில் பெண்ணை விட்டுவைக்க யாருக்கு மனம் வரும்? அவர்களைக் குற்றமும் சொல்ல முடியாது.

சின்னம்மாள் சவரியின் பக்கத்தில் வந்து நின்றாள். பதினைந்து வயதுப் பிள்ளை, உதடு வறண்டு கிடந்தது.

"ஐயா, எங்கப்பா வந்திருக்காரு. மாமன் வூட்டுல என்னைய கட்டிக்குடுக்கப் பேசி முடிச்சிட்டாங்க. டீச்சரம்மாதான் முடியாதுன்னு தடுத்து வெச்சிருந்தாங்க. நீங்க சொல்லுங்கய்யா."

என்ன சொல்வது? போகாதே என்றால் நாளைக்கு யார் சோறு போடுவது? சவரி ஐஸ் பெட்டியின் ஒயரைக் குனிந்து சரிசெய்தார். அது நன்றாகத்தான் இருந்தது.

புஷ்பமேரிக்கு ஒரு வழக்கம் உண்டு. பெண்ணைச் சேர்க்க வரும் தகப்பனிடம் கையெழுத்து வாங்கினால் மட்டும் போதாது அவளுக்கு. உள்ளங்கையை நீட்டுவாள். 'டீச்சரம்மாவைக் கேட்டு, அவங்க சரின்னு சொன்னாத்தான் கூட்டிட்டுப் போவேன்' என்று அவர் அதில் அடித்துச் சத்தியம் செய்ய வேண்டும். ஆடிட்டர்கள் சிரிப்பார்கள். மலைக்காரர்கள் இதுவரை மீறியதில்லை.

சின்னம்மாளின் அப்பா சென்றாயன் மகளின் பையைத் தோளில் மாட்டிக்கொண்டு பெட்டிக்கு முன்னால் வந்தார். மற்ற தகப்பன்மார்கள் அவருக்குப் பின்னால் நின்றார்கள்.

"டீச்சரம்மா, பொண்ண கூட்டிட்டுப் போகட்டுங்களா?"

சொல்லிவிட்டுப் பெட்டியைத் தொட்டுக் கும்பிட்டார். பிறகு மகளின் கையைப் பிடித்துக்கொண்டு திரும்பினார்.

"இருங்க சென்றாயன்."

பேசியது தான்தான் என்று சவரிக்கே நம்ப முடியவில்லை.

"அதான் கேட்டுட்டேனுங்களே சார்."

"கேட்டீங்க. அவ சரின்னு சொன்னாளா?"

சென்றாயன் திகைத்துப்போனார். "செத்தவங்க எப்படிங்க சொல்லுவாங்க?"

"அது எனக்குத் தெரியாதுங்க. கையடிச்சுக் குடுத்தது அவகிட்ட. பதில் வராம எப்படிக் கூட்டிட்டுப் போவீங்க?"

சென்றாயன் சிரித்திருக்கலாம், நெஞ்சில் கைவைத்துத் தள்ளிவிட்டும் போயிருக்கலாம். ஆனால் அவர் பெட்டியின் கண்ணாடிக்குள் இருந்த முகத்தையே வெகுநேரம் பார்த்தார். பிறகு தன் வலது உள்ளங்கையைப் பார்த்தார். பையைக் கழற்றிக் கீழே வைத்தார்.

அவருக்குப் பின்னாலிருந்தும் ஒவ்வொரு பையாகத் தரையில் இறங்கியது.

பொழுது சாய்வதற்குள் கல்லறைத் தோட்டத்தில் அடக்கம் முடிந்தது. ஜீப்புகள் வந்தவர்களை மட்டும் ஏற்றிக்கொண்டு மலைக்குத் திரும்பின. அருண்குமார் எப்போது போனார் என்று யாரும் கவனிக்கவில்லை. சவரி குளித்துவிட்டு வந்தபோது சமையல்கார அம்மாள் வாசலில் காத்திருந்தார்.

"எத்தினி பேருக்குங்க உலை வெக்கறது?"

சவரி எட்டிப் பார்த்தார். ஹால் நிறையப் பிள்ளைகள் தோளோடு தோள் ஒட்டி உட்கார்ந்து அவரையே பார்த்தார்கள். ஒருத்திகூடக் குறையவில்லை. காலையில் பிடித்த பயம் இப்போது இரண்டு மடங்காக ஏறியது.

"எல்லாருக்குந்தாங்க" என்றார்.

அரிசி எடுக்க அவரே உள்ளே போனார். மூட்டைக்குள் கையை விட்டு அளக்கும் படியை அழுத்தினார். அடியில் கிடந்த கொஞ்ச அரிசியைத் தாண்டி அது சாக்கோடு தரையில் மோதி உரசியது. வெளியே பிள்ளைகளுக்குக் கேட்டுவிடுமோ என்று, அடுத்த படியை மெல்ல, மிக மெல்ல அள்ளினார்.