ஏரிக்கும் கணினிக்கும் நடுவே மூன்று வயர்கள்

எங்கள் அலுவலகக் கூடம் மழைக்காலத்தில் நீளும். ஒரு கோடியில் மோடம். மறு கோடியில் கணினி. கூடம் நீளும்போது வயரையும் நீட்டிக் கொடுப்பது என் வேலை.

மோடத்துக்குள் ஒரு சிம் கார்டு உண்டு. ஏரியின் மட்டம் அதற்குக் குறுஞ்செய்தியாக வரும். அது கணினிக்குச் சொல்லும். கணினியில் வந்தால்தான் ரெஜினா மேடம் மதகைத் திறக்க உத்தரவு எழுதுவார்.

ஏழாம் நாள் மழையில் மோடம் பேசுவதை நிறுத்தியது. கரை உடைந்தால் மூன்று ஊர்கள் போய்விடும். ஒன்றில் என் மனைவியும் மகளும் இருந்தார்கள்.

"கூப்பிட்டுப் பாத்தீங்களா தணிகைவேல்?" என்றார் மேடம்.

"கணினியில ஏ.டி.ன்னு தட்டினேன். மோடம் இருந்தா ஓ.கே.ன்னு வரணும். வரல."

பத்தரை மணிக்கு ஏரியே வந்தது. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு பெஞ்சில் உட்கார்ந்தது. நான் நினைத்ததைவிடக் குள்ளம்.

"பதிலே இல்ல. அதான் நேர்ல வந்தேன்," என்றது.

"மட்டம் என்ன?" என்று கேட்டேன்.

"வாய்மொழியா எடுத்துக்க முடியாது," என்றார் மேடம். "மோடம் வழியாத்தான் வரணும்."

வெளியே மழை பெய்தது. பெஞ்சில் ஏரி கொஞ்சம் கொஞ்சமாகப் பெருத்தது.

இணைப்பைப் பிரித்துப் பார்த்தேன். கணினியின் அனுப்பும் வயர் மோடத்தின் அனுப்பும் முனையிலேயே இருந்தது. வாங்கும் வயரும் அப்படியே. இரண்டு பக்கமும் பேசிக்கொண்டிருந்தன, கேட்க ஆளில்லை. மாற்றிச் சொருகினேன்.

திரையில் கட்டங்களும் கேள்விக்குறிகளும் வந்தன.

"இது உங்க எழுத்தா?" என்று மேடம் ஏரியிடம் மரியாதையாகக் கேட்டார்.

"இல்லம்மா."

மோடம் ஒரு வேகத்தில் பேசியது. கணினி வேறு வேகத்தில் கேட்டது. கணினியின் வேகத்தைக் குறைத்தேன். கூடவே மின்விசிறியும் குறைந்தது. மேடத்தின் இமைகள் நிதானமாக மூடித் திறந்தன. ஜன்னலுக்கு வெளியே மழைத்துளிகள் ஒவ்வொன்றாக, பார்க்க நேரம் கொடுத்து இறங்கின.

ஓ.கே. வந்தது. அதன் பின்னால் மட்டமும் வந்தது. சைபர்.

"சரிதான்," என்றார் மேடம். "அவங்கதான் இங்க இருக்காங்களே. சைபருக்கு மதகைத் திறக்க முடியாது."

"திரும்பிப் போங்க," என்று ஏரியைக் கெஞ்சினேன்.

"நடந்து போனா நாளைக்குத்தான் சேருவேன்." ஏரி வயரைப் பார்த்தது. "இது வழியா போகலாமா?"

"போகலாம். ஒவ்வொரு எழுத்தாத்தான் போகணும்."

போனது. பாதியில் தடுமாறியது. மூன்றாவது வயர், கிரவுண்ட் வயர், ஆடிக்கொண்டிருந்தது. விரலால் அழுத்திப் பிடித்தேன். என் விரலைத் தொட்டுக்கொண்டே ஏரி போனது. குளிர்ச்சியாக இருந்தது. மீன்கள் போனபோது கூசியது.

மூன்று மணிக்குத் திரையில் முப்பத்தாறு அடி என்று வந்தது. மேடம் உத்தரவு எழுதினார். மதகு திறந்தது. மனைவிக்கு ஃபோன் செய்தேன். மகள் தூங்குகிறாள், மெதுவாகப் பேசு என்றாள்.

"விரலை எடுக்கலாமா மேடம்?"

"இருங்க. இன்னும் ஒரு கொக்கு இருக்கு."

அது பெஞ்சு ஓரத்தில், ஒற்றைக்காலில், தன் முறைக்காக நின்றுகொண்டிருந்தது.