மைக்கம்மா ஏறும் படிகள்

1

இந்தக் கதை ஒரு நல்ல பல்லிலிருந்து தொடங்கியது. சொத்தை இல்லை, ஆட்டம் இல்லை. பிடுங்கிய பிறகுதான் அது நல்ல பல் என்று தெரிந்ததாம். பெண்களுக்கு வரும் இதய நோயைப் பற்றி ஆராய்ச்சி செய்கிற என் தங்கை இதைச் சொன்னபோது நான் சிரித்துவிட்டேன். அவள் சிரிக்கவில்லை.

"அக்கா, அந்தம்மாவுக்கு வலி தாடையில, நோய் இதயத்துல. பல்லைப் பிடுங்கி வீட்டுக்கு அனுப்பிட்டாங்க. எங்க கட்டுரையை எங்களை மாதிரி ஆளுங்கதான் படிக்கிறாங்க. ஆஸ்பத்திரியில காத்துக்கிட்டு இருக்கிற பொம்பளைங்க படிக்கிற மாதிரி நீ ஒரு கதை எழுதிக் குடேன்."

"அந்தம்மா இப்ப எப்படி இருக்காங்க?"

"தெரியல. மறு பரிசோதனைக்கு வரல. போனும் எடுக்கல."

அன்றைக்குப் பிடித்த பயம் இன்னும் என்னை விடவில்லை. பயத்தோடுதான் எழுதுகிறேன்.

2

முதல் தொடக்கம்:

மாலை வெயில் பேருந்து நிலையத்தின் மேல் சாய்ந்துகொண்டிருந்தபோது அவள் நெஞ்சைப் பிடித்துக்கொண்டு அப்படியே சரிந்

(இத்தோடு நின்றது. போனில் படித்துக் காட்டியதும் தங்கை கத்தினாள். "இப்படி விழுந்தா ஊரே ஓடி வந்து தூக்குமே! விழாதவங்களை எழுது அக்கா. நடமாடிக்கிட்டே இருக்கிறவங்களை.")

சரி, விழாதவள். அவளைப் பேருந்து நிலையத்தில் அறிவிப்பாளராக்கினேன். எந்த வண்டி எந்த மேடையில் நிற்கிறது என்று ஒலிபெருக்கியில் சொல்கிற வேலை. அங்கே எல்லோருக்கும் அவள் மைக்கம்மா. அறிவிப்பு அறை மாடியில் இருக்கிறது. செங்குத்தான இரும்புப் படிகள். கொஞ்ச நாளாகப் பாதிப் படி ஏறும்போதே கீழ்த்தாடையில் வலி பிடிக்கிறது. மேலே போய் நாற்காலியில் உட்கார்ந்தால் மெல்ல அடங்குகிறது. பிறகு நாள் முழுக்கப் பேச்சு.*

நாள் முழுக்கப் பேசுகிறவளுக்குத் தாடை வலித்தால் யார் இதயத்தை நினைப்பார்கள்?

"அங்க ஊருக்கே கத்துற, இங்க வந்து எனக்குக் கத்துற. தாடை என்ன இரும்பா?" என்றார் வீட்டுக்காரர். அவளும் சிரித்தாள். கெட்ட மனிதர் இல்லை. அன்றைக்கே பல் மருத்துவரிடம் கூட்டிப் போனவரும் அவர்தான். கடைவாய்ப் பல் ஒன்று போனது. வலி போகவில்லை.

(* பேச்சினால் வந்த வலி என்றால் பேசும்போதல்லவா வர வேண்டும்? கதைக்குள் ஒருவரும் இதைக் கேட்கவில்லை. கேட்க வைக்க எனக்கும் தோன்றவில்லை.)

3

எழுத எழுத அவள்மேல் எனக்குச் சந்தேகம் வந்தது. தாடை வலி, அசதி, லேசான குமட்டல், காரணமில்லாத வியர்வை. இதை வைத்துக்கொண்டு ஒரு கதைக்காரி என்ன செய்வாள்? சும்மா சொல்கிறாளோ? வேலைக்கு மட்டம் போடப் பார்க்கிறாளோ? நானும் ஒரு பெண்தான். அது ஒன்றும் உதவவில்லை.

பாத்திரத்துக்குக் கொஞ்சம் ஆழம் வேண்டும் என்று ஒரு துக்கத்தைச் சேர்த்தேன். ஒரே மகள் சண்டை போட்டுக்கொண்டு வீட்டைவிட்டுப் போய்விட்டாள். அந்தப் பத்தி அருமையாக வந்திருந்தது, எனக்கே கண் கலங்கியது. அந்தக் கையோடு அவளை மருத்துவரிடம் அனுப்பினேன்.

"வீட்டுல ஏதாவது பிரச்சினையாம்மா?"

"பொண்ணு பேசுறதில்ல டாக்டர்."

"அதானே பாத்தேன். எதையும் மனசுல போட்டுக் குழப்பிக்காதீங்க. தூக்கத்துக்கு ஒரு மாத்திரை எழுதுறேன்."

"இல்ல டாக்டர், படியேறும்போதுதான் வருது. உட்கார்ந்தா..."

"எல்லாம் சரியாயிடும்மா."

எழுதியதைத் திரும்பப் படித்தேன். அவருக்கு அந்தக் காரணத்தை எடுத்துக் கொடுத்தவள் நான்.

4

மகளைக் கதையிலிருந்து எடுத்துவிட்டேன். மறுபடியும் அனுப்பினேன். மாதவிலக்கு நிற்கிற வயசும்மா, அப்படித்தான் இருக்கும் என்றார் மருத்துவர். வயதைக் குறைத்தேன். இந்த வயசுல இதயத்துக்கு என்ன வரப்போகுது என்றார். வயதை ஏற்றினேன். வயசானா இப்படித்தான் என்றார்.

உன் கதை, உன் மருத்துவர், ஒரு ஈசிஜி எடுக்கச் சொல்ல வேண்டியதுதானே என்று கேட்பீர்கள். சொல்ல வைத்தேன். அவர் பேனாவைக் கீழே வைத்தார், நாற்காலியை முன்னே இழுத்துப் போட்டுக்கொண்டு, "எப்பெப்ப வருது, சொல்லுங்கம்மா" என்றார். படித்துப் பார்த்தேன். கதையிலேயே அந்த இடம்தான் பொய்யாக இருந்தது.

5

முடிவு ஒன்று: ஈசிஜி, சிகிச்சை, ஓய்வு, மகள் திரும்பி வந்து அம்மாவைக் கட்டிக்

(மகளைத்தான் எடுத்தாயிற்றே.)

முடிவு இரண்டு: அறிவிப்பு பாதியில் நிற்கிறது. ஒலிபெருக்கி கெட்டுவிட்டது என்று நினைத்துக் கீழே பயணிகள் அலுத்துக்கொள்கிறார்கள். மாடியில் என்ன ஆயிற்று என்று பார்க்க ஒருவரும்

(கிழித்துப் போட்டுவிட்டேன். கிழித்தும் அது மனதைவிட்டுப் போகவில்லை.)

6

இப்போது அவள் படிகளுக்குக் கீழே நிற்கிறாள். இன்னும் ஏறவே இல்லை, ஆனால் வலி வந்துவிட்டது. சும்மா நிற்கும்போதே வருவது இதுதான் முதல் தடவை. அது எவ்வளவு மோசமான சேதி என்று தங்கை சொல்லி எனக்குத் தெரியும், அவளுக்குத் தெரியாது. காற்று குளிர்ச்சியாக வீசுகிறது, அவள் கழுத்தெல்லாம் வியர்வை. நான் எழுதாமல் இருக்கும்வரை அவள் அங்கேயே நிற்பாள் என்றுதான் இவ்வளவு நேரம் உங்களிடம் வளவளத்துக்கொண்டிருந்தேன். அடுத்த வாக்கியம் எழுதினால் ஏறிவிடுவாள்.

படிக்குப் பக்கத்துப் பெஞ்சில் ஒருவர் உட்கார்ந்து எதையோ படித்துக்கொண்டிருக்கிறார். மைக்கம்மா தன் பையை அவர் பக்கம் நீட்டுகிறாள்.

"இதைக் கொஞ்சம் பிடிங்களேன். ஒண்ணுமில்ல, என்னமோ அசதி. மேல போய் உட்கார்ந்தா சரியாயிடும்."

பெஞ்சில் இருப்பது நீங்கள். வீட்டுக்காரருக்குத் தெரியாதது, மருத்துவர் காதில் விழாதது எல்லாம் உங்களுக்குத் தெரியும். அவளை உட்கார வைக்கலாம், ஆம்புலன்ஸைக் கூப்பிடலாம், அவளோடு ஆஸ்பத்திரிக்குப் போய் ஈசிஜி எடுக்கும்வரை நகராமல் நிற்கலாம். பையை வாங்கிக்கொண்டு "பாத்துப் போங்க" என்றும் சொல்லலாம். எனக்கு இதற்குமேல் எழுதத் தைரியம் இல்லை.

சீக்கிரம் ஏதாவது சொல்லுங்கள். அவள் முதல் படியில் கால் வைத்துவிட்டாள்.