ஓட்டைக்குள் ஒரு யானை

மாநிலத் தலைமை நூலகரும் வரலாற்று ஆவணங்களின் பதிப்பாசிரியருமான திருமிகு தாண்டவராயர் இன்று பிற்பகல் முதல் ஓர் ஓட்டையைப் பார்த்துக்கொண்டிருக்கிறார் என்பதை நாட்டு மக்களுக்குப் பேருவகையோடு அறிவிக்கிறோம், பூச்சி அரித்த ஓட்டை, நாலணாக் காசளவு, பழைய அரசாணையைத் தூக்கிப் பிடித்தால் அதன் வழியே மின்விசிறி சுழல்வது தெரிகிறது, முப்பது வருஷத்துக்கு முன் முதல் பதிப்புக்காக இதைப் பார்த்த அன்றும் இதே விசிறிதான், மீசை மட்டும் கறுப்பு, வேப்பங்குறிச்சியாருக்கு மன்னர் மனமுவந்து ஒரு, அங்கே ஓட்டை, அப்புறம் தந்தருளினார், என்ன தந்திருப்பார், மன்னர் என்றால் வேறென்ன, [யானை] என்று சதுர அடைப்புக்குள் எழுதினார், ஊகத்தை அடைப்புக்குள் பூட்டி வைப்பதுதானே பதிப்பாசிரியனின் மானம், இரண்டாம் பதிப்பில் அச்சகத்தார் பார்க்க அசிங்கமாயிருக்கிறதென்று அடைப்பை எடுத்துவிட்டார்கள், யானை வெளியே வந்து நேராக வேப்பங்குறிச்சிக்கு நடந்துவிட்டது, ஊருக்கு விழா வந்தது, எந்தப் பேருந்தும் நிற்காத இடத்தில் யானை நிறுத்தம் வந்தது, நாளை கல் யானை திறப்பு, பீடத்தில் தாண்டவராயர் பெயர், மதியத் தூக்கத்தில் அது வந்து தும்பிக்கையால் அவர் மூக்குக்கண்ணாடியைக் கழற்றுகிறது, ஐயா நான் நிஜமா என்று கேட்கிறது, விழித்தால் எதிரே ஆவணக் காப்பாளர் பவளக்கொடி, சார், அதே ஆணைக்கு ஒரு நகல் வேற கட்டுல கிடைச்சிருக்கு, பூச்சி தொடவே இல்ல, படிச்சிட்டு என்னத் திட்டாதீங்க.

படித்தால் மூன்றாம் பதிப்பில் திருத்தியாக வேண்டும், படிக்காவிட்டால் ஓய்வுபெற்ற பின்னும் யானை விடாது, வேப்பங்குறிச்சி ஊராட்சித் தலைவி ராக்காயி அம்மாளைத் தொலைபேசியில் கூப்பிடுகிறார், ஏம்மா, ராசா வேற ஏதாச்சும் குடுத்திருந்தா என்று இழுக்கிறார், ஐயா, பந்தலெல்லாம் போட்டாச்சு, இப்ப வந்து குட்டையக் குழப்பாதீங்க, ஆனைன்னுதான் பஸ்ஸ நிறுத்துறான், அண்டா குண்டானுக்கா நிறுத்துவான், சரிம்மா சரிம்மா என்று வைத்துவிட்டார், ஆனால் கை கேட்கவில்லை, முப்பது வருஷத்து அரிப்பு, பூச்சிக்கு இருந்த அதே அரிப்பு, ஆணையைத் தூக்கிப் பிடித்து நகலை மெல்ல அதன் பின்னால் நகர்த்துகிறார், அதே எழுத்தர் கை, அதே அளவு, வரிக்கு வரி பொருந்துகிறது, ஓட்டையில் சுழன்ற விசிறி மறைகிறது, அந்த இடத்தில் பொடி எழுத்தில் வந்து நிற்கிறது ஆடு, தாண்டவராயர் சிரித்தாரா இருமினாரா தெரியவில்லை, மூன்றாம் பதிப்பின் அச்சுப்படியை இழுத்து யானையை அடித்தார், ஆடு என்று எழுதினார், அடைப்பு போடவில்லை, சார், நகல்ல கீழ இருக்கிற பின்குறிப்பையும் பாத்துருங்க என்கிறாள் பவளக்கொடி.

அடுத்த மாதமே மன்னர் ஆட்டைத் திருப்பி வாங்கிக்கொண்டார்.